வெள்ளைத்தலை மைக்குக்காரர்: ஃபில் டானஹ்யூ நினைவாக

வாசகர் ஒருவர் கேட்டது: "காலையிலிருந்து எல்லாரும் ஃபில் டானஹ்யூ பற்றியே எழுதுகிறார்கள். பகல்நேரப் பேச்சு நிகழ்ச்சி என்றால் ஓப்ராதான். அவர்தான் தொடங்கினார், அவர்தான் வளர்த்தார். இவரை எதற்கு இவ்வளவு தூக்கிவைக்கிறீர்கள்?"

ஆகஸ்ட் 19, 2024, இரவு 9.40

ஓப்ரா வின்ஃப்ரே தொடங்கவில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் இந்த வகை நிகழ்ச்சிக்கு வழி போட்டவர் டானஹ்யூதான். டானஹ்யூ இல்லையென்றால் தன் நிகழ்ச்சியே இருந்திருக்காது என்று ஓப்ராவே சொல்லியிருக்கிறார். ஓப்ராவின் நிகழ்ச்சி நாடு முழுக்கப் போனது 1986 செப்டம்பரில். டானஹ்யூ ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரில் தன் முதல் நிகழ்ச்சியை நடத்தியது 1967 நவம்பர் 6. கிட்டத்தட்ட பத்தொன்பது வருட இடைவெளி.

நேற்று ஞாயிற்றுக்கிழமை காலமானார். 88 வயது. செய்தியைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அமெரிக்காவில் நான் முதன்முதலில் தினமும் கேட்ட குரல், கணவருடையதைத் தவிர்த்தால், அவருடையதுதான்.

ஆகஸ்ட் 19, இரவு 10.25

கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். அந்த நாளில் பகல்நேரத் தொலைக்காட்சியில் என்ன இருந்தது? அழுகைத் தொடர்கள், பரிசுப் போட்டிகள், நட்சத்திரங்கள் வந்து சிரித்துவிட்டுப் போகும் கலகலப்பு நிகழ்ச்சிகள். வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது என்று நிகழ்ச்சி தயாரிப்பவர்கள் முடிவு செய்திருந்தார்கள்.

டேட்டனுக்கு நட்சத்திரங்கள் வர மாட்டார்கள். விமானம் ஏறி அங்கே வந்து இறங்க யாருக்கும் காரணம் இல்லை. அதனால் ஒரு நாளைக்கு ஒரு விருந்தினர், ஒரு விஷயம், ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டார். பக்கவாத்தியம் கிடையாது, மேசை கிடையாது, ஜோக் சொல்லத் துணை ஆள் கிடையாது. முதல் நாள் விருந்தினர் மேடலின் மரே ஓஹேர். அரசுப் பள்ளிகளில் கட்டாய பைபிள் வாசிப்பை எதிர்த்து வழக்குப் போட்டு, 1963-ல் உச்ச நீதிமன்றத்தில் வென்றவர்களில் ஒருவர். வெளிப்படையான நாத்திகர். சர்ச்சுக்குப் போகும் ஊரில், திங்கட்கிழமை காலையில் இவரைக் கொண்டுவந்து உட்காரவைத்தார். அந்த வாரமே பிரசவம் பற்றிய படம் ஒரு நாள், சவ அடக்கத் தொழில் செய்பவர் ஒரு நாள். பிறப்பும் இறப்பும் ஒரே வாரத்தில்.

மைக்கோடு கூட்டத்துக்குள் ஓடுவது அவர் திட்டம் போட்டுச் செய்ததே இல்லை. அதே அரங்கில் முன்பு ஒரு கலகலப்பு நிகழ்ச்சி நடந்துவந்தது. அதற்கு நுழைவுச்சீட்டு வாங்கி வைத்திருந்தவர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பாட்டும் இல்லை, பரிசும் இல்லை, பாவம். விளம்பர இடைவேளையில் அந்தப் பெண்கள் விருந்தினரிடம் கேட்ட கேள்விகள், தான் கேட்டவற்றைவிட நன்றாக இருப்பதைக் கவனித்தார். தொடங்கிய சில நாளிலேயே நாற்காலியை விட்டு எழுந்து, மைக்கை எடுத்துக்கொண்டு அவர்களிடம் போய்விட்டார். அப்புறம் இருபத்தொன்பது வருடம் அவர் உட்காரவே இல்லை என்று சொல்லலாம்.

ஆகஸ்ட் 20, காலை 7.10

நேற்று எழுதியதில் என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால்தான் ஏன் அடுப்பை அணைத்தேன் என்பது புரியும்.

1981 அக்டோபரில் சிகாகோவுக்கு வெளியே ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வந்து இறங்கினேன். கணவருக்கு வேலை, எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லாத விசா. அவர் காலை ஏழு மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு போனால் மாலை ஆறு. வெளியே பனி. பேச ஆள் இல்லை. எம்.ஏ. படித்திருந்தேன், ஆங்கிலம் எழுத வரும், படிக்க வரும். ஆனால் கடையில் ஒருவர் வேகமாக ஏதாவது கேட்டால் வாய் ஒட்டிக்கொள்ளும்.

காலையில் தொலைக்காட்சியைப் போட்டால் நரைத்த தலை, பெரிய கண்ணாடி, கோட்டுப் போட்ட ஒரு மனிதர் படியேறி இறங்கி ஓடிக்கொண்டிருப்பார். தொலைபேசியில் அழைப்பவர்களையும் சேர்த்துக்கொள்வார். 'அழைத்தவர் இருக்கிறாரா?' என்று ஒவ்வொரு முறையும் மேலே பார்த்துக் கேட்பார். அந்த அழைப்பில் வரும் குரல்கள்தான் எனக்குப் பாடம். ஒரு பெண் தயங்கித் தயங்கித் தொடங்குவார், பாதியில் திணறுவார், அப்புறம் கேள்வி வந்துவிடும். இங்கே பிறந்தவர்களுக்கும் திணறும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று வந்த ஊரில் வாய் ஒட்டிக்கொண்டவர்களுக்குப் புரியும்.

ஆகஸ்ட் 20, மதியம்

மேலே ஒருவர் "பொழுதுபோக்கு நிகழ்ச்சியில் என்ன கற்றுக்கொண்டீர்கள்" என்கிறார்.

மருத்துவரிடம் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டேன். முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது மருத்துவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வருவேன். மருத்துவர்களும் பெண்களின் உடலும் பற்றி டானஹ்யூ நடத்திய ஒரு நிகழ்ச்சிக்குப் பிறகு, சிறு தாளில் மூன்று கேள்வி எழுதிக்கொண்டு போனேன். இந்த மாத்திரை எதற்கு, சாப்பிடாவிட்டால் என்ன ஆகும், வேறு வழி உண்டா. அந்த மருத்துவர் முதல் கேள்விக்கே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் தாளை மடிக்கவில்லை. மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் எழுந்தேன். வெளியே வந்து காருக்குள் உட்கார்ந்ததும் கை நடுங்கியது.

ஆகஸ்ட் 20, இரவு

சரி, அத்தையைப் பற்றிச் சொல்லாமல் டானஹ்யூவைப் பற்றிச் சொல்ல முடியாது.

மகள் 1983 அக்டோபரில் பிறந்தாள். பிரசவத்துக்காக என் மாமியார் செப்டம்பரிலேயே வந்து, விசாவை நீட்டித்துக்கொண்டு அடுத்த கோடை வரை இருந்தார். ஆங்கிலம் ஒரு எழுத்துத் தெரியாது. முதல் வாரம் டானஹ்யூவைப் பார்த்துவிட்டு, "யாரும்மா இந்த மைக்குக்காரர்? தலையெல்லாம் வெள்ளை, ஆனா ஒரு எடத்துல நிக்க மாட்டேங்கறாரே. கால் வலிக்காதா?" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவர் பெயர் மைக்குக்காரர்.

"என்ன பேசறாங்க, சொல்லு" என்று கேட்பார். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே அவர் கேட்க, நான் தமிழில் சொல்ல வேண்டும். அங்கேதான் சிக்கல். டானஹ்யூ எடுத்துக்கொண்ட விஷயங்கள் எதையும் நான் அதற்கு முன் தமிழில் வாய்விட்டுப் பேசியதில்லை. மாமியாரிடம் எப்படிப் பேசுவது? முதல் தடவை விவாகரத்து. அந்தச் சொல்லைச் சொன்னேன், அவருக்குப் புரியவில்லை. "பிரிஞ்சிடறது" என்றேன். "அத்து விட்டுட்டாளா? சரி. நம்ம ஊர்லயும் இருக்கே. அதுக்கு ஏன் நீ முழுங்கற?" என்றார்.

நான் விழுங்கியவற்றுக்கெல்லாம் அவரிடம் சொல் இருந்தது. அடி வாங்கும் மனைவிகள், குடிக்கும் கணவர், பிள்ளை பெற்ற பிறகு மனம் சரியில்லாமல் போவது, எல்லாவற்றுக்கும். ஆண்கள் இருவர் சேர்ந்து வாழ்வது பற்றி ஒரு நாள் நிகழ்ச்சி. தயங்கித் தயங்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு, "ரெண்டு பேர்ல யாரு சமைப்பா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியை மைக்குக்காரரிடம் கேட்டிருந்தால் அரங்கமே கைதட்டியிருக்கும்.

ஆகஸ்ட் 20, இரவு 11.50

தூக்கம் வரவில்லை, இதையும் எழுதிவிடுகிறேன்.

மாதவிடாய் நிற்கும் காலத்தைப் பற்றி ஒரு நாள் பேசினார்கள். நான் பாதி சொல்லி நிறுத்திவிட்டேன். அத்தை எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"எனக்கு நாப்பத்தோரு வயசுல நின்னு போச்சு. உங்க மாமாகிட்டகூட சொல்லல. ராத்திரில ஒடம்பெல்லாம் தீயா எரியும். கெணத்தடிக்குப் போய் தண்ணிய மொண்டு ஊத்திக்குவேன். வாளி இடிச்சா சத்தம் கேக்கும்னு ஒரு கையால கயித்தைப் புடிச்சுக்கிட்டு மெதுவா எறக்குவேன். பேய் புடிச்சிருச்சுன்னு சொல்லிட்டாங்கன்னா?"

இதைச் சொல்லும்போது இடது கை கயிற்றைப் பிடித்திருப்பது போலவே இருந்தது. எத்தனையோ வருடம் முன்னால் நடந்தது. திரையில் ஒரு பெண் அதே எரிச்சலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார், நான் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டேன். தேவைப்படவில்லை.

ஆகஸ்ட் 21

பலர் கேட்டுவிட்டீர்கள். ஆமாம், நேரில் பார்த்திருக்கிறேன். 1985 குளிர்காலத்தில், சிகாகோ அரங்கில். நுழைவுச்சீட்டு இலவசம், ஆனால் கடிதம் எழுதிப் போட்டுவிட்டுப் பல மாதம் காத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண் இரண்டு சீட்டு வாங்கி என்னையும் அழைத்துப் போனார். மகளை அத்தை பார்த்துக்கொண்டார்.

அரங்கம் நான் நினைத்ததைவிடச் சின்னது. படிக்கட்டு போல வரிசைகள், பெரும்பாலும் பெண்கள். அன்றைக்கு விஷயம், விவாகரத்துக்குப் பிறகு குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்பது. அம்மா உரிமை, அப்பா உரிமை என்று போய்க்கொண்டிருந்தது. எனக்கு ஒரு கேள்வி இருந்தது: வேலைக்குப் போகும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பதிலாகக் குழந்தையைத் தூக்கி வளர்க்கும் பாட்டிக்கு இதில் என்ன இடம்? கையைப் பாதி தூக்கினேன். அவர் பார்த்துவிட்டார். இரண்டு படி தாவி வந்து மைக்கை நீட்டினார். நான் தலையை ஆட்டி, வேண்டாம் என்றேன். உடனே அடுத்தவரிடம் போய்விட்டார்.

நிகழ்ச்சி முடிந்து வாசலில் நின்று எல்லாருக்கும் கைகொடுத்தார். எனக்கும். நன்றி என்று மட்டும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து அந்தக் கேள்வியை அத்தையிடம் சொன்னேன். "கேக்க வேண்டியதுதானே? எனக்காகத்தானே கேக்க நெனச்ச?" என்றார். கோபம் இல்லை, வருத்தம்தான். அது இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

ஆகஸ்ட் 22, காலை

திருத்தம். 1985 என்று எழுதியது தப்பு. வாசகர் ஒருவர் சுட்டிக்காட்டியது சரி. டானஹ்யூ 1974-ல் டேட்டனிலிருந்து சிகாகோவுக்கு வந்தார், 1985 ஜனவரியிலேயே நியூயார்க்குக்குப் போய்விட்டார். அதோடு 85-ல் அத்தை எங்களோடு இல்லவே இல்லை, 84 கோடையில் ஊருக்குத் திரும்பிவிட்டார். ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்தேன். அரங்குக்குப் போகும் முன் வாசலில் எடுத்த படத்தில் அத்தை கையில் இருக்கும் மகளுக்கு ஐந்து மாதம். அப்படியென்றால் 1984 மார்ச்.

ஆகஸ்ட் 22, மாலை

84 என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது, முதல் கேள்வி கேட்ட வாசகருக்கு இது பிடிக்கும். அந்த ஜனவரியில்தான் ஓப்ரா சிகாகோவுக்கு வந்து, உள்ளூர்க் காலை நிகழ்ச்சி ஒன்றை எடுத்து நடத்தத் தொடங்கினார். டானஹ்யூவுக்கு நேர்ப் போட்டி. சில மாதத்துக்குள்ளேயே ஊரில் அவரை முந்திவிட்டார்.

எங்கள் வீட்டிலும் முந்தினார் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். அத்தை ஒரு நாள் சேனலைத் திருப்பச் சொல்லி, "இந்தப் பொண்ணு நம்ம வீட்டு அடுப்படியில வந்து உக்காந்து பேசற மாதிரி பேசுது" என்றார். மொழி தெரியாமலே அதைக் கண்டுபிடித்துவிட்டார். டானஹ்யூ கேட்டு வாங்குவார், ஓப்ரா தன்னுடையதைச் சொல்லிப் பேசவைப்பார். அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாள் ஓப்ரா, மூன்று நாள் மைக்குக்காரர். அதனால் ஓப்ராவைப் பிடிப்பதில் தப்பில்லை. தொடங்கியவர் யார் என்பதில்தான் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

ஆகஸ்ட் 23

"ஆபாசப் பேச்சு, நாற்காலி வீச்சு எல்லாம் அவர் திறந்த கதவு வழியாகத்தான் வந்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதலில் கோபம் வந்தது. ஒரு நாள் தள்ளிப்போட்டு யோசித்தேன்.

பாதி உண்மை. எண்பதுகளின் கடைசியில் போட்டி அதிகமானதும் அவரும் இறங்கினார். 1988-ல் பாவாடை அணிந்து நிகழ்ச்சி நடத்தினார். எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த வருடங்களில் தலைப்பைப் பார்த்தாலே சங்கடமாக இருந்த நாட்கள் உண்டு. 1994-ல் வட கரோலினாவில் ஒரு மரண தண்டனையைத் தொலைக்காட்சியில் காட்ட அனுமதி கேட்டு நீதிமன்றத்துக்குப் போனார். கிடைக்கவில்லை. கிடைக்காததே நல்லது என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் பின்னால் வந்த நிகழ்ச்சிகளில் கூட்டம் எதற்கு இருந்தது? கூச்சல் போட. டானஹ்யூவிடம் கூட்டம் கேட்க வந்தது. அவரையே கேட்டது. 1992 அதிபர் தேர்தலில் வேட்பாளராக நின்ற பில் கிளின்டனைக் கூப்பிட்டு அவருடைய அந்தரங்க வாழ்க்கையைத் துருவித் துருவிக் கேட்டார். கூட்டத்தில் இருந்த ஒரு இளம்பெண் எழுந்து, நாட்டில் இவ்வளவு பிரச்சினை இருக்கும்போது இதைக் கேட்கிறீர்களே என்று அவரையே கண்டித்தார். அரங்கம் கைதட்டியது. அவர் அதே அரங்கில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டுக்கொண்டார். அதே மாதம் கிளின்டனையும், அவரோடு கட்சிக்குள் போட்டியிட்ட ஜெரி பிரவுனையும் ஒரு மேசையில் உட்காரவைத்தார். இருவரையும் அறிமுகப்படுத்தினார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. இருவரும் தாங்களாகவே பேசி முடித்தார்கள். இவ்வளவு பேசும் மனிதர் அத்தனை நேரம் சும்மா இருந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 23, பின்குறிப்பு

இன்னொருவர் கேட்ட மயக்கம் விஷயம்: உண்மைதான். நியூயார்க்குக்குப் போன முதல் மாதத்திலேயே, 1985 ஜனவரியில், நேரலையில் பார்வையாளர்கள் ஒவ்வொருவராக மயங்கி விழுந்தார்கள். கடைசியில் அது ஆலன் ஏபல் என்ற குறும்புக்காரர் ஆள் வைத்து ஆடிய நாடகம் என்று தெரிந்தது.

ஆகஸ்ட் 25

ரயன் வைட்டைப் பற்றி யாரும் எழுதவில்லையே.

இண்டியானா மாநிலத்துச் சிறுவன். ரத்தம் உறையாத நோய், அதற்காகக் கொடுத்த மருந்தின் வழியாக எய்ட்ஸ். 1985-ல் பள்ளிக்குள் விடவில்லை. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று ஊர் பயந்த காலம். எண்பதுகளின் தொடக்கத்திலேயே இந்த நோயைப் பற்றிப் பகல்நேரத்தில் வெளிப்படையாகப் பேசிய மிகச் சிலரில் டானஹ்யூ ஒருவர். ரயன் 1990 ஏப்ரலில் 18 வயதில் இறந்தபோது, சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் பாடகர் எல்டன் ஜானோடு டானஹ்யூவும் இருந்தார்.

எங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டில் இந்த நோய் இருப்பதாக அந்த நாளில் பேச்சு வந்தது. சலவை இயந்திரத்தைப் பொதுவில் பயன்படுத்தக் கூடாது என்று சிலர் கையெழுத்து வாங்க வந்தார்கள். நான் போடவில்லை. துணி வழியாகப் பரவாது என்று காலையில் மைக்குக்காரர் கூட்டிவந்த மருத்துவர் சொல்லிக் கேட்டிருந்தேன். வாசலில் நின்று அதையே திருப்பிச் சொன்னேன், என் உச்சரிப்பில்.

ஆகஸ்ட் 26

சோவியத் நாட்டோடு செயற்கைக்கோள் வழியாக நடத்திய நிகழ்ச்சியைப் பற்றிக் கேட்டவருக்கு. 1985-ன் கடைசியில் சியாட்டிலில் இவர் ஒரு கூட்டத்தோடு, லெனின்கிராடில் சோவியத் பத்திரிகையாளர் விளாதிமிர் போஸ்னர் ஒரு கூட்டத்தோடு. இரண்டு நாட்டுச் சாதாரண ஆட்கள் திரையில் ஒருவரையொருவர் பார்த்துப் பேசினார்கள். அடுத்த வருடம் பாஸ்டன் பெண்களும் லெனின்கிராடு பெண்களும். எங்கள் நாட்டில் உடலுறவே கிடையாது என்று ஒரு ரஷ்யப் பெண் சொல்ல ஆரம்பித்ததும் சிரிப்பில் மீதி காணாமல் போனது. அவர் தொலைக்காட்சி விளம்பரங்களைப் பற்றிய கேள்விக்குத்தான் பதில் சொல்ல வந்தார். அந்த ஒரு வரி அங்கே பழமொழியாகவே ஆகிவிட்டது.

அணுகுண்டை வைத்துக்கொண்டு முறைத்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பக்கத்துப் பெண்ணும் முடியைச் சுருட்டிக்கொண்டு, பதற்றத்தில் கைக்குட்டையைத் திருகிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள் என்பதைப் பார்த்தது எனக்குப் பெரிய விஷயம்.

ஆகஸ்ட் 28

2003-ல் அவர் நிகழ்ச்சியை நிறுத்தியது பற்றிக் கேட்டவர்களுக்கு. பகல் நிகழ்ச்சி 1996-ல் முடிந்தது. 2002-ல் எம்.எஸ்.என்.பி.சி. என்ற செய்திச் சேனலில் இரவு நிகழ்ச்சியோடு திரும்பி வந்தார். ஈராக் போர் வேண்டாம் என்றவர்களையும் கூப்பிட்டுப் பேசவைத்தார். அந்தச் சேனலில் அதிகம் பேர் பார்த்தது அதைத்தான், ஆனாலும் 2003 பிப்ரவரியில், போருக்குச் சில வாரம் முன்னால், நிறுத்திவிட்டார்கள். போர் நேரத்தில் இவர் முகம் சேனலுக்குச் சங்கடம் என்கிற பொருளில் உள்ளே எழுதப்பட்ட குறிப்பு பின்னர் வெளியே வந்தது. 67 வயதில் அப்படி அனுப்பப்பட்டவர், அப்புறம் அந்தப் போரில் முதுகெலும்பு அடிபட்டு நடக்க முடியாமல் போன ஒரு சிப்பாயைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். இந்த வருடம் மே மாதம் அதிபர் பைடன் கையால் சுதந்திரப் பதக்கம் கொடுத்தார்கள். தொலைக்காட்சிக்கான இருபது எம்மி விருதுகளைவிட அந்தப் படம்தான் அவர் யார் என்பதைச் சொல்கிறது என்பது என் எண்ணம்.

செப்டம்பர் 3

கணவர் நிலவறையில் தேடி ஒரு வீடியோ கேசட்டைக் கண்டுபிடித்தார். நான் அரங்குக்குப் போன நாள் நிகழ்ச்சி சிகாகோவில் நேரலை. வீட்டில் பதிவு செய்ய வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போயிருந்தாராம். இது எனக்கு மறந்தே போயிருந்தது. லேபிளில் அவர் கையெழுத்தில் '3/84'. மகள் அதைக் கணினியில் ஏற்ற ஒரு கடையில் கொடுத்திருக்கிறாள்.

செப்டம்பர் 14

வந்துவிட்டது. மகளும் நானும் பார்த்தோம். படம் குதிக்கிறது, மேலே ஒரு கோடு ஓடிக்கொண்டே இருக்கிறது. விளம்பரங்களும் அப்படியே இருக்கின்றன.

அத்தையின் குரல் இருக்கும் என்று ஏனோ நினைத்திருந்தேன். வீடியோ பெட்டி தொலைக்காட்சியில் வருவதைத்தான் பதியும், அறையில் பேசுவதைப் பதியாது. எனக்குத் தெரியாததா. தெரிந்தும் ஒலியைக் கூட்டிவைத்துக் கேட்டேன்.

முப்பத்தெட்டாவது நிமிடத்தில் நான் வருகிறேன். நீலப் புடவை, மேலே கணவரின் ஸ்வெட்டர். பாதி தூக்கிய கை. அவர் படியில் தாவி வந்து மைக்கை நீட்டுகிறார். நான் தலையாட்டுகிறேன்.

மேலே ஆகஸ்ட் 21-ல், உடனே அடுத்தவரிடம் போய்விட்டார் என்று எழுதியிருக்கிறேன். நாற்பது வருடமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். போகவில்லை. மைக்கை எடுக்காமல், கொஞ்சம் குனிந்து, புருவத்தை உயர்த்திக்கொண்டு நிற்கிறார். மகள் மூன்று தடவை ஓட்டிப் பார்த்து எண்ணினாள். நான்கு நொடி. நேரலையில் நான்கு நொடி மௌனம். நான் இரண்டாம் முறை தலையாட்டிய பிறகுதான் திரும்புகிறார்.

"இந்த எடத்துல பாட்டி என்ன பண்ணிட்டிருந்தாங்க?" என்று மகள் கேட்டாள்.

அத்தை சொன்னதை அவளுக்குச் சொன்னேன். அவளைத் தூக்கித் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், "அதோ பாரு உங்கம்மா, ஏதோ கேக்கப் போறா" என்று காட்டினாராம்.

மகள் மறுபடியும் முப்பத்தெட்டாவது நிமிடத்துக்கு ஓட்டினாள்.